பணம் யார் பேருக்குப் போகுது?

அரியாங்குப்பத்தில் கடலூர் ரோட்டை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஜெராக்ஸ், டைப்பிங், பிரிண்ட் அவுட், ஆன்லைன் அப்ளிகேஷன், ரீசார்ஜ் என்று வாசலில் போர்டு இருந்தது. போர்டில் எழுதாத ஒரு வேலையும் செய்தேன். ஊரில் யாருக்காவது போனில் ஒரு லிங்க் வந்து சந்தேகம் தட்டினால், அதை நம்பலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும் வேலை. அதற்குக் காசு வாங்கியதில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆரம்பத்தில் இது சுலபமான வேலையாக இருந்தது. லண்டனில் லாட்டரி விழுந்திருக்கிறது, ஆப்பிரிக்காவில் செத்துப்போன ஒரு மந்திரியின் பணத்தை உங்கள் கணக்கில் போடப்போகிறோம் என்று மெயில் வரும். வீராம்பட்டினத்துப் பையன்கள் கூட்டமாக வந்து அதைப் படிக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கிலீஷே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துப் பிழையும் அளவில்லாத பணிவும் இருந்தால் அது திருடன் எழுதியது என்று நாங்கள் ஒரு இலக்கணமே வைத்திருந்தோம். அந்த இலக்கணம் ரொம்ப நாள் செல்லுபடியாகவில்லை. பிறகு வந்த மோசடி மெசேஜ்களின் இங்கிலீஷ் எங்கள் காலேஜ் பிள்ளைகளின் இங்கிலீஷைவிட நன்றாக இருந்தது. தமிழும் சுத்தமாக வர ஆரம்பித்தது.

அடுத்து பூட்டுக் காலம். முகவரிக்கு முன்னால் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அந்த வெப்சைட் பாதுகாப்பானது என்று வங்கிகள் சொன்னன, பத்திரிகைகளும் எழுதின. பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் போனுக்கும் அந்த வெப்சைட்டுக்கும் நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. மறுமுனையில் உட்கார்ந்திருப்பவன் யார் என்பது அதன் கவலை இல்லை. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தப் பூட்டுக்கான சான்றிதழை யாருக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல வேலைக்காகத்தான் தொடங்கினார்கள். ஆனால் திருடனும் வாங்கிக்கொண்டான். 2023-இல் கூகுள் தன்னுடைய குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. பூட்டு இருக்கிறதே என்று ஜனங்கள் வெப்சைட்டையே நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். அதற்குப் பிறகும் கடைக்கு வந்தவர்கள், "பூட்டு இருக்குதே தம்பி" என்று காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

2022 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை. இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த நம்பருக்குப் பேசவும்" என்று தேசம் முழுக்க மெசேஜ் சுற்றிய வருஷம் அது. பேசினால், ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். இறக்கினால் நம் போன் திரை முழுக்க அவன் கண்ணுக்குத் தெரியும். ஓடிபி உட்பட. எங்கள் பக்கம் அந்த மெசேஜுக்குக் கூடுதல் பலம் இருந்தது. அந்த செப்டம்பர் கடைசியில் தனியார்மயத்தை எதிர்த்துப் புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊர் ஊராகக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே இருட்டில் உட்கார்ந்திருப்பவரிடம், கரண்டைக் கட் பண்ணுவேன் என்று சொன்னால் நம்பத்தானே செய்வார்? பயத்துக்கு உள்ளூர்க் காரணம் ஒன்று இருந்துவிட்டால், அனுப்பியவன் பெரிதாகப் பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

புதுச்சேரிக்கே உரிய கிராக்கி ஒன்றும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள். பிள்ளைகள் பாரிஸ் பக்கம், பெற்றோர் இங்கே. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு அக்கா தன் போனைக் கொண்டுவந்து நீட்டினார். பிரெஞ்சில் ஒரு எஸ்எம்எஸ். உங்கள் கார்த் வித்தால், அதாவது மருத்துவக் காப்பீட்டு அட்டை, காலாவதியாகிறது. புது அட்டைக்குச் சில யூரோ அஞ்சல் செலவு கட்டுங்கள் என்று. எனக்கு பிரெஞ்சு போஞ்ஜூர், மெர்சியோடு சரி. ஆனால் முகவரியைப் படிக்க மொழி தேவையில்லை.

"அக்கா, வலது பக்கமிருந்து படிங்க" என்றேன். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் நிற்பதுதான் சொந்தக்காரன் பெயர். அதற்கு இடது பக்கம் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அங்குள்ள காப்பீட்டு அலுவலகத்தின் முகவரி அமெலி டாட் எஃப்ஆர். இவருக்கு வந்ததிலும் அமெலி இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கோடு, அதற்குப் பிறகு வேறு ஏதோ சொல், கடைசியில் டாட் இன்ஃபோ. நம் ஊரிலும் இதே கதைதான். அரசாங்கத்துடையது பெரும்பாலும் டாட் கவ் டாட் இன் என்று முடியும். நடுவில் கவ் என்று வந்தால் போதாது. ரிசர்வ் வங்கி இதற்காகவே எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்ற முகவரிக்கு மாறச் சொன்னது. அந்த வால் வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இத்தன வருஷமா இடமிருந்துதானே படிச்சேன்" என்று அந்த மெசேஜை அங்கேயே நின்று 33700-க்கு அனுப்பினார். பிரான்சில் மோசடி எஸ்எம்எஸ்ஸைப் புகார் செய்யும் எண் அது.

முகவரியைப் படித்தும் தெளியாவிட்டால் பார்க்க வேறு வழிகள் இருந்தன. ஹூ-இஸ் என்ற பதிவேட்டில் முகவரியைப் போட்டால் அது எந்தத் தேதியில் பதிவானது என்று வரும். உரிமையாளர் பெயர் முன்பெல்லாம் தெரியும். 2018-இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்தபிறகு பெயர் மறைந்துவிட்டது, தேதி மட்டும் மிச்சம். அந்தத் தேதியே போதுமான அளவுக்குப் பேசும். இருபத்தைந்து வருடப் பாரம்பரியம் என்று முகப்பில் போட்டிருக்கும். பதிவான தேதியைப் பார்த்தால் போன மாதம். கூகுளின் பாதுகாப்புப் பட்டியல் ஒன்று. ஸ்பெயினில் மலாகாவில் 2004-இல் தொடங்கி இப்போது கூகுளிடம் இருக்கும் வைரஸ்டோட்டல் இன்னொன்று. அதில் ஒரு முகவரியைப் போட்டால் எழுபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு நிறுவனங்களின் கருத்து ஒரே பக்கத்தில் வரும். நம் உள்துறை அமைச்சகத்தின் சைபர்கிரைம் இணையதளத்திலும் சந்தேகப்படும் வெப்சைட், போன் நம்பர், வங்கிக் கணக்கு, யுபிஐ ஐடி ஆகியவற்றைத் தேடிப் பார்க்க இடம் இருக்கிறது. ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருந்தால் தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியல்களிடம் ஒரு குணம் உண்டு. அதை வந்தவர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். பட்டியலில் சிவப்பாக வந்தால் பெரும்பாலும் மோசடிதான். எதுவும் வரவில்லை என்றால், இதுவரை யாரும் மாட்டிக்கொண்டு வந்து சொல்லவில்லை என்று மட்டும் அர்த்தம். காலையில் முளைத்து சாயங்காலம் அவிழ்த்துப் போடப்படும் வெப்சைட்டுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடைக்காது. பச்சையைக் கண்டதும் முகம் மலர்ந்து, "அப்ப போடலாம்ல?" என்று கேட்பார்கள். அவர்கள் வந்தது கேள்வியோடு இல்லை, தலையாட்டச் சொல்லித்தான் என்பது அந்த மலர்ச்சியிலேயே தெரியும்.

அப்படி மலர்ந்த முகங்களில் ஒன்று எங்கள் வாத்தியாருடையது. கணக்கு வாத்தியார், ரிட்டயர் ஆனவர். ஊரில் பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு அவர் கொடுத்ததுதான். 2024-இல் ஒருநாள் மத்தியானம் கடையில் யாருமில்லாத நேரம் பார்த்து வந்தார். போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப். தினமும் காலையில் பங்குச் சந்தைப் பாடம் நடத்துகிறார்கள். சாதாரணமாக நமக்குக் கிடைக்காத பங்குகளை வெளிநாட்டு முதலீட்டாளர் கணக்கு வழியாக மலிவு விலைக்கு வாங்கித் தருகிறார்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட பணம் ஆப்பில் மூன்று மடங்காகத் தெரிகிறது. எடுக்கப் போனால், முதலில் லாபத்துக்கு வரி கட்ட வேண்டும் என்கிறார்கள்.

"வரிதானேடா, கட்டித்தானே ஆகணும். வெப்சைட் மட்டும் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு. செபி நம்பரெல்லாம் போட்டிருக்கான் பார்."

போட்டிருந்தான். பக்கத்தின் அடியில் பளிச்சென்று பதிவு எண். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பட்டியலில் போட்டுப் பார்த்தேன். எண் உண்மையானது, உயிரோடு இருக்கும் ஒரு நிறுவனத்துடையது. வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் சொல்ல ஒரு கதை கைவசம் உண்டு. காக்காயந்தோப்பில் இருக்கும் அரிக்கமேட்டை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, சிவப்பு மெருகேற்றிய ஓடுகள் கிடைத்தன. சில ஓடுகளில் குயவர் பட்டறையின் முத்திரை இருந்தது. கமுரி, இட்டா என்று லத்தீன் எழுத்தில். அந்த முத்திரைகளை வைத்துத்தான் அவை இத்தாலியின் அரெஸ்ஸோவைச் சேர்ந்த பாண்டங்கள், கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என்று அவரால் காலம் சொல்ல முடிந்தது. அதை வைத்துத் தென்னிந்தியாவின் பழைய ஊர்கள் பலவற்றுக்கே கணக்குப் போட்டார்கள். முத்திரை தனியாக எதையும் நிரூபிக்கவில்லை. அரெஸ்ஸோவில் அந்தப் பட்டறைகள் இருந்தது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அங்கே போய்ப் பொருந்தியதால்தான் இங்கே கிடைத்த ஓட்டுக்குப் பேச்சு வந்தது.

இதை வாத்தியாரிடம் சொன்னேன். "முத்திரை இவன்கிட்ட இருக்கு சார். பட்டறைக்குப் போய்க் கேப்போம்." செபி பட்டியலில் அந்த நிறுவனத்துக்கென்று கொடுத்திருந்த போன் நம்பரை அழைத்தேன். ஆப்பில் இருந்த நம்பரை இல்லை. எடுத்த பெண் முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "எங்க பேர்ல போலி ஆப் ஓடுது சார், நாங்களே கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கோம்" என்றார். அந்த பிப்ரவரியில்தான் செபி, வெளிநாட்டு முதலீட்டாளர் கணக்கு வழியாகப் பங்கு வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் ஆப்களைப் பற்றி எச்சரிக்கை விட்டிருந்தது. வாத்தியாருக்கு நடந்தது வரி பிசகாமல் அதில் இருந்தது.

அவர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, ஆப்பில் தெரிந்த கூட்டல் தொகை அவரை விடவில்லை. கடைசியில் அவரை அசைத்தது வெப்சைட்டைப் பற்றி நான் கண்டுபிடித்த எதுவும் இல்லை. "சார், இதுவரைக்கும் பணம் யார் பேருக்குப் போச்சு?" என்று கேட்டேன். பாஸ்புக்கை எடுத்தார். ஒரு தடவை வடக்கே ஏதோ ஊரில் ஒரு துணிக்கடை பெயரில் இருந்த கணக்கு. இன்னொரு தடவை ஒரு தனி ஆள். அப்புறம் ஒரு டிராவல்ஸ். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தவர் நடுவில் நிறுத்தினார். "ஷேர் வாங்க டிராவல்ஸுக்கு எதுக்குடா பணம் போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் 1930-க்கு அடித்தோம். 2021-இல் 155260 என்று ஆரம்பித்துப் பிறகு இந்த நாலு இலக்கத்துக்கு மாறிய, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில், பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். பணம் ஒரு வாடகைக் கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். எங்கே நிற்கிறதோ அங்கே பிடித்து நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. அதனால்தான் முதல் சில மணி நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. வாத்தியார் கடைசியாக அனுப்பிய தொகையில் ஒரு பகுதி ஒரு கணக்கில் சிக்கியது. கோர்ட் உத்தரவு வாங்கி அது கைக்கு வர மாதக்கணக்கானது. முன்னால் போனது போனதுதான். 2024-இல் இப்படி இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னபோது, அதற்கு முந்தைய வருடத்தைப் போல அது மூன்று மடங்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னவரும் அவர்தான்.

எல்லாமே முகம் தெரியாதவன் செய்வது என்றும் சொல்ல முடியாது. 2025-இல் புதுச்சேரி சைபர் கிரைம் போலீசார் கையிலெடுத்த கிரிப்டோ வழக்கில், நிறுவனம் 2022-இல் கோவையில் சினிமா நட்சத்திரத்தை அழைத்து விழா வைத்துத் தொடங்கப்பட்டது. மகாபலிபுரத்தில் பெரிய ஓட்டலில் கூட்டம் நடந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவாக இழந்ததாகப் புகார். அங்கே ஆபீஸ் இருந்தது, வெப்சைட் இருந்தது, கைகுலுக்க ஆளும் இருந்தது. முகவரியின் வயதைப் பார்த்தால் அது என்ன சொல்லிவிடப் போகிறது? கம்பெனியாகப் பதிவு செய்திருக்கிறோம் என்று சான்றிதழ் காட்டுவார்கள். கம்பெனி தொடங்கப் பதிவு வேறு. ஜனங்களிடம் பணம் வாங்க அனுமதி வேறு. அந்த அனுமதி யாருக்கு உண்டு என்று பார்க்க ரிசர்வ் வங்கி 2016-இல் சச்சேத் என்ற இணையதளத்தைத் திறந்தது. கடைக்கு வந்தவர்களில் அதைக் கேள்விப்பட்டிருந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

பணம் போவதைவிட மோசமானதும் உண்டு என்று எனக்குக் காட்டியவன் நோணாங்குப்பத்துப் பையன் ஒருவன். டிப்ளமோ படித்தவன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம், விமான டிக்கெட் கம்பெனியே போடுகிறது என்று ஒரு வெப்சைட்டிலிருந்து ஆஃபர் லெட்டர். அதைக் கலரில் பிரிண்ட் எடுக்கத்தான் வந்தான், விசாரிக்க வரவில்லை. லெட்டரைப் பார்த்துக்கொண்டே, "விசா?" என்றேன். "இந்தியாக்காரனுக்கு இப்ப விசா வேணாம்ண்ணே. டூரிஸ்ட்டா போயி அங்க மாத்திக்கலாமாம்."

வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் ஆள் அனுப்ப உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. லெட்டரில் இருந்த ஏஜென்சி அதில் இல்லை. அவன் அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். இப்படி டேட்டா என்ட்ரி என்று போனவர்களில் பலரைத் தாய்லாந்தில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவாடி பக்கம் கொண்டுபோய் அடைத்துவைத்திருந்தார்கள். அங்கே என்ன வேலை? நம் வாத்தியாரைப் போன்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்வது. பங்குச் சந்தைப் பாடம் நடத்துவது. மறுத்தால் அடி. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாளில், அங்கிருந்து மீட்கப்பட்ட 549 பேரை ஊருக்குக் கொண்டுவந்தன. செய்தியில் அந்த விமானத்தைப் பார்த்த அன்று அந்தப் பையன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "பாத்தீங்களாண்ணே" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு அப்போது மரக்காணத்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது.

இத்தனை பேரையும் நினைத்துப் பார்க்கும்போது, அவர்களைக் காப்பாற்றியது என் கம்ப்யூட்டரில் இருந்த கருவிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றுவது வேறு. வாத்தியார் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, குரூப்பில் ரகசியம் காக்கச் சொல்லியிருந்தார்கள். நோணாங்குப்பத்துப் பையனிடம், டிக்கெட் வரும்வரை யாரிடமும் சொல்லாதே, கண்பட்டுவிடும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். 2024-இல் டிஜிட்டல் அரெஸ்ட் என்று கிளம்பியதே, போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து மிரட்டுவது, அதில் முதல் கட்டளையே போனை வைக்காதே, பக்கத்து அறையில் இருப்பவரிடமும் பேசாதே என்பதுதான். பிரதமர் அந்த அக்டோபரில் வானொலியில் இதைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. லாட்டரி மெயிலிலிருந்து இதுவரை வெப்சைட் மாறியது, மொழி மாறியது, பயத்தின் பெயர் மாறியது. யாரிடமும் சொல்லாதே என்பது மட்டும் மாறவில்லை. கடைக்கு வந்து வாய்திறந்த நிமிஷமே அந்த ஏற்பாட்டில் ஓட்டை விழுந்துவிடுகிறது. ஹூ-இஸ், வைரஸ்டோட்டல் எல்லாம் அவர்கள் இன்னும் பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு சாக்கு.

கடையை மூடிவிட்டேன். ஜெராக்ஸைத் தவிர மற்றதெல்லாம் அவரவர் போனுக்குள் போய்விட்டது. லிங்க் மட்டும் இப்போதும் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. "அண்ணே, ஒரிஜினலா?" என்று ஒரு வரியோடு. அதற்கு நான் டைப் பண்ணிப் பதில் போடுவதில்லை. திருப்பிக் கூப்பிடுகிறேன். யார் முதலில் பேசினார்கள், என்ன சொன்னார்கள், பணம் யார் பேருக்குப் போகிறது என்று முதலிலிருந்து சொல்லச் சொல்கிறேன். மூன்றாவது கேள்விக்கு வருவதற்குள் பாதிப் பேர் தாங்களே நிறுத்தி, "சரி, விடுங்கண்ணே. அந்த 1930 எப்பவும் எடுப்பாங்களா?" என்கிறார்கள். எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்கிறேன்.